கடைசி ஆளாக இறங்கியவள்

"நீங்களாச்சும் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அமுதவள்ளி, மலேசியாவுக்காகப் பனிச்சறுக்குப் போட்டியில் இறங்க விமானம் ஏறினாள். லோரி ஓட்டும் அவள் அப்பா தனசேகர் அன்று விடுப்பெடுத்து, கிள்ளான் நகரச் சாப்பாட்டுக் கடையில் டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்தார். பனி நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தரவரிசையில் கடைசியான மகளின் முறை வருமுன்பே ஒளிபரப்பை முடித்துவிட்டார்கள்.

"அண்ணே, பந்து மேட்ச் போடவா?" என்றார் கடைக்கார நிஜாம்.

"போடுங்க பாஸ்."

தேத்தண்ணி ஆறிப்போன பிறகு ஃபோன் வந்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பாக்காம இருப்பேனா லா? அழகா இறங்குனம்மா!"



"பாதியிலயே விழுந்துட்டேன்பா."

அடிபட்டதா என்று அவர் கேட்பதற்குள் மகள் ஃபோனை வைத்துவிட்டாள்.