நேர்ந்துவிட்ட கால்

இடுப்பில் பிடிக்கிற வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி முழங்கால் மடிப்போடு நின்றுவிடும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வலி இல்லை, சூடு இல்லை, குளிர் இல்லை. மருதை பலகையில் குப்புறப் படுத்திருந்தான். பாக்கியம் அவனுடைய இடது காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கினாள்.

“தெரியுதா?”

“என்னத்தை?”

“விரலை முறுக்கறேன்.”

“முறுக்கு. யார் விரலோ.”

அவள் சிரிக்கவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மருதையின் அண்ணன் திருவேங்கடம் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். கையில் மஞ்சள் நூல்.

“வெள்ளிக்கெழம காப்புக் கட்டறாங்க. உன் பேரையும் சொல்லிட்டேன்.”

“எதுக்கு அண்ணே?”

“எதுக்கா? கால் சரியாவணும்னு நான்தானே அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். தீ மிதிக்கணும்.”

பாக்கியம் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். மூத்தவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கால் சரியானா மிதிக்கறேன்னுதானே வேண்டுவாங்க. கால் சரியாவலையே.”

“மிதிச்சா சரியாவும். அம்மன்கிட்ட போயி முன்னாடியா பின்னாடியான்னு பேரம் பேசுவியா?”

கரும்பு வெட்டப் பாட்டன்மார் கப்பலேறி வந்த அந்தத் தீவில், திருவேங்கடம் சேன் பியேர் ஊருக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்திருந்தான். ஆலைக்கு அனுப்பும் கரும்பில் பாதி தோட்டத்துக்காரருக்கு. மீதிப் பாதியில் ஒரு கோட்டு, ஒரு ஜோடி பூட்ஸ், அம்மன் கோவிலில் பொருளாளர் பதவி எல்லாம் சம்பாதித்திருந்தான். தோட்டத்து முதலாளி, ஆட்களுக்கு மிசியே, வாரத்தில் ஆறு நாள் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மாட்டிக்கொண்டால் தன்னார்வப் படையின் கேப்டன். படைக்கு ஆள் குறைந்தபோது, குத்தகைக்காரர்கள் வீட்டுக்கு ஒருவனை அனுப்பினால் தமக்குச் சந்தோஷம் என்று சொன்னார். அவருக்குச் சந்தோஷம் என்றால் என்ன அர்த்தம் என்று குத்தகைக்காரர்களுக்குத் தெரியும். திருவேங்கடம் தம்பியை அனுப்பினான்.

அன்றிலிருந்து வாரமெல்லாம் கரும்பு, ஞாயிறன்று கவாத்து, வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் முகாம். போன முகாமில் மழையில் ஒரு பீரங்கியை மேட்டில் ஏற்றும்போது கயிறு நழுவியது. சக்கரம் பின்னால் உருண்டு மருதையின் இடுப்பையும் தொடையையும் பாறையோடு வைத்து நசுக்கியது. அவன் எழுந்து நடக்கத் தொடங்கியதும் கேப்டன், “பார், நல்லாயிட்டே,” என்று மறுபடி கவாத்துக்கு வரச் சொல்லிவிட்டார். வராவிட்டால் அபராதம், அதற்குப் பின்னால் குத்தகையும் போகும்.

படையில் கூட இருந்த லுசியான்தான் வழி சொன்னான். லுசியானின் பாட்டன் தமிழன், பாட்டி கிரியோல்காரி. ஞானஸ்நானம் மாதா கோவிலில். தமிழும் கிரியோலும் கலந்து பேசுவான்; ‘என் சகோதரா’ என்பதைக் கிரியோலில்தான் சொல்வான். “மோ ஃப்ரேர், வேலையில அடிபட்டவனை டாக்டருங்க கூடிப் பார்த்து விடுதலை குடுக்கற சட்டம் இருக்கு. கொஞ்சம் பணமும் குடுப்பாங்க. கேளு. இன்னொரு முகாமுக்கு அந்தக் காலோட போனா, கால் திரும்பி வராது.”

மருதை கேட்டான். பல மாதம் கழித்து, தீமிதி முடிந்த மறுவாரம் டாக்டர்கள் முன்னால் வந்து நிற்கும்படி பதில் வந்திருந்தது.

“இந்த வருஷம் மிசியே வர்றாரு,” என்றான் திருவேங்கடம். “படைக்கு வைத்தியம் பாக்கற தொக்தேரையும் கூட்டிட்டு வர்றாரு. முன் வரிசையில நாற்காலி போட்டாச்சு. பொருளாளர் வீட்டுலேருந்து ஒருத்தன் இறங்கலைன்னா ஊர் என்ன பேசும்? வீட்டுல சுத்தமில்லேன்னு பேசும்.”

சொல்லும்போது அவன் பாக்கியத்தைப் பார்த்தான். மருதை எழுந்து உட்கார்ந்தான்.

அந்த ஊரில் நெருப்பு யாரையும் சுடாது. சுட்டால், விரதம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். விரதத்தைக் கெடுத்தது ஆண்பிள்ளையாக இருக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனராஜ் என்பவனின் பாதம் வெந்துபோனது. அவன் பெண்டாட்டி காமாட்சியைக் கோவில் முன்னால் நிற்கவைத்து, எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாள், விரத நாளில் எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்று பெரியவர்கள் விசாரித்தார்கள். அவள் சுயாக்கில் இருந்த தாய் வீட்டுக்குப் போனவள்தான். தனராஜ் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

இறங்க மறுத்தாலும் அதே பேச்சு வரும். மருதை மணிக்கட்டை நீட்டினான்.

தீமிதி அன்று தோட்டத்திலிருந்து விறகு வந்தது. மாலையில் குண்டம் கனிந்து சிவந்து கிடந்தது. கேப்டனும் டாக்டரும் கழுத்தில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்கு விசிறிவிட ஆள் நின்றது. மற்றவர்கள் கரகத்தின் பின்னால் ஓட்டமும் நடையுமாகத் தாண்டி, கடைசியில் இருந்த பால்குழியில் காலை வைத்தார்கள். மருதையால் ஓட முடியாது. வலது காலை எடுத்து வைத்து, இடது காலை இடுப்பால் தூக்கிப் போட்டு, தணலில் தேய்த்துக்கொண்டே போனான். வலது பாதம் எரிந்தது. அதை அவசரமாக எடுத்தான். இடது பாதம் போட்ட இடத்தில் கிடந்தது. மறுபடி இடுப்பை ஆட்டி அதை இழுத்தான். அவ்வளவு மெதுவாக நெருப்பில் நடந்தவனை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கேப்டன் எழுந்து நின்று கை தட்டினார். திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அது நடிப்பல்ல.

வீட்டுக்கு வந்து பாக்கியம் விளக்கைக் கீழே பிடித்தாள். வலது பாதத்தில் இரண்டு கொப்புளம். இடது பாதத்தில் குதிகாலிலிருந்து விரல் வரை தோல் உரிந்து, சதை வெளுத்திருந்தது. விரல் இடுக்கில் ஒரு கரித்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை நகத்தால் எடுத்தாள். அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“இதுவும் தெரியலையா?”

“இல்ல.”

அவள் கரித்துண்டை அடுப்புப் பக்கம் எறிந்தாள். பிறகு, “நல்லதாப் போச்சு,” என்றாள். “இதைத் தொக்தேருகிட்ட காட்டு. நெருப்பு சுட்டதுகூடத் தெரியாத கால்னு காட்டு. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?”

“காட்டுனா ஊருக்குத் தெரியும்.”

“தெரியட்டும்.”

“காமாட்சிய நிக்கவெச்சாப்பல உன்ன நிக்கவெப்பாங்க.”

“நிக்கறேன். நின்னா என் கால் ரெண்டும் என்கிட்டதான் இருக்கும். உன்னுது போச்சுன்னா வராது.”

அவள் வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

மருத்துவர்கள் கூடிய நாளில் திருவேங்கடமும் கோட்டுப் போட்டுக்கொண்டு கூட வந்தான். வேண்டாம் என்று சொல்ல மருதைக்கு வாய் வரவில்லை. முகாம் கட்டடத்தில் மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர்: தீமிதி அன்று நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த அதே டாக்டர், பக்கத்தில் ஒரு இளம் ஆங்கிலேய மருத்துவர். மருதை நொண்டிக்கொண்டு உள்ளே வந்ததும் டாக்டர் சிரித்தார். வாசலில் நின்ற திருவேங்கடத்தையும் உள்ளே கூப்பிட்டார்.

“இவன்தான்,” என்றார் இளையவரிடம். “சொன்னேனே. எல்லோரும் நெருப்பில் ஓடினார்கள், இவன் தோட்டத்தில் உலாத்துவதுபோல் நடந்தான்.”

“முழங்காலுக்குக் கீழ உணர்ச்சியே இல்லீங்க தொக்தேர்,” என்றான் மருதை.

“முகாம் கிட்ட வந்தா உங்க எல்லாருக்கும் கால் மரத்துப்போகும்.”

இளையவர் ஏதோ கேட்டார். டாக்டர் மருதையைப் பார்த்தார். “பாதத்தில் சூடு பட்ட காயம் உண்டா என்கிறார். இருந்தால் பூட்ஸைக் கழற்று.”

மருதை குனிந்தான். விரல்கள் பூட்ஸ் கயிற்றைப் பிடித்துவிட்டன.

“எங்க வீட்டுல அப்படியெல்லாம் ஆகாது தொக்தேர்,” என்றான் திருவேங்கடம். “சுத்தமான வீடு.”

அண்ணனின் பூட்ஸ் தன் முகத்துக்குப் பக்கத்தில் பளபளப்பதை மருதை பார்த்தான். இதைக் கழற்றினால், சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்குவதற்குள் சேன் பியேர் முழுக்கத் தெரிந்துவிடும். அவன் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

“காயம் ஒண்ணும் இல்லீங்க.”

படைக்குத் தகுதி உண்டு என்று தீர்ப்பானது.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் ஒன்றே ஒன்று கேட்டாள். “கழட்டுனியா?”

அவன் தலையைக் குனிந்தான்.

“எனக்காகவா?”

அவன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

“நான் கேட்டேனா?” என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். “நான் உன்னக் கேட்டேனா?”

மறுநாள் அவள் தனியாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேப்டன் முன்னால் நின்றாள். தன் புருஷனுக்குப் பாதம் வெந்திருக்கிறது, புண் பழுத்துவிட்டது, முகாமுக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னாள். பக்கத்தில் ஆட்களை மேய்க்கும் சர்தார் நின்றிருந்தான். இரண்டு கணக்கர்கள் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். கேப்டன் பொறுமையாகச் சொன்னார்: “காயம் இல்லை என்று உன் புருஷனே டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். நான் யாரை நம்புவது?”

அன்று மாலையே தெருக்குழாயில் பேச்சு கிளம்பிவிட்டது. விரதத்தைக் கெடுத்தவள் இவள்தானா என்றார்கள். அவள் பாத்திரம் நிரம்பும்வரை நின்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

முகாமில் நான்காம் நாள் கூடாரத்தில் நாற்றம் எடுத்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று லுசியான் பாய்களை உதறித் தேடினான். கடைசியில் மருதையின் பூட்ஸைக் கத்தியால் அறுத்தான். அறுத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

“இத்தனை நாளா இதோடயா கவாத்துப் பண்ணுனே?”

“எனக்குத் தெரியலையே.”

லுசியான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விடுதலை இப்போது உடனே வந்தது. யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பணம் மட்டும் வரவில்லை. விசாரிக்க பாக்கியமும் லுசியானும் போனார்கள். படை ஆபீசு குமாஸ்தா நல்ல மனிதன், உட்காரச் சொன்னான்.

“பணம் வராதும்மா. இது படை வேலையில வந்த புண் இல்ல. நெருப்புல நடந்து வந்த புண். அது அவரா செஞ்சுக்கிட்டது, உங்க மத விஷயம்.”

“யார் சொன்னது?” என்றான் லுசியான்.

“தொக்தேர்.”

“நெருப்புல நடந்தான், அதனால கால் நல்லா இருக்குன்னு சொன்னாரே ஒரு தொக்தேர், அவரா?”

“அவர்தான்,” என்றான் குமாஸ்தா. வேறு பக்கம் பார்த்தான்.

வெளியே வந்து லுசியான் சொன்னான்: “எங்க பாதிரியாரு ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்தா பாவம் போகும்னாரு. நான் ஞாயித்துக்கெழம படைக்கு வந்தேன். இங்க கால்தான் போகுது.” பாக்கியம் அன்று சிரித்தாள். ரயிலடி வரை சிரித்துக்கொண்டே வந்தாள். லுசியானுக்குப் பயமாக இருந்தது.

மருதை கட்டையை ஊன்றி நடக்கப் பழகினான். கரும்புக்குக் குனிய முடியவில்லை. உட்கார்ந்து கூடை முடைந்தான். பாக்கியம் தோட்டத்தில் களையெடுக்கப் போனாள். கோவில் பக்கம் அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

மறுவருஷம் விறகு வந்து இறங்கிய வாரத்தில் திருவேங்கடம் வந்தான். தம்பிக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்திருந்தான். உட்காராமல் நின்றான்.

“ஒரு விஷயம். நான் அன்னிக்கி மூணு வருஷம்னு வேண்டியிருந்தேன்.”

மருதை கூடையைக் கீழே வைத்தான். “மூணு வருஷமா?”

“ஒரு வருஷம்னா அம்மன் கேக்கமாட்டான்னு பூசாரி சொன்னாரு. ஒண்ணு முடிஞ்சுது. மிச்சத்தை விட்டா குடும்பத்துக்கு ஆவாது. உன்னால முடியாது, அது தெரியும். புருஷனுக்குப் பதிலா பொண்டாட்டி இறங்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. இவ மேல இருக்கற பேச்சும் அதோட தீந்துடும்.”

பாக்கியம் சுவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

“மாமா. பீரங்கி இழுக்க நீங்க அனுப்புனது இவரு கால. அம்மனுக்கு நேர்ந்துவிட்டதும் இவரு கால. இப்ப என்னுதுக்கு வந்திருக்கீங்க. வேண்டுன வாய் உங்களுது. நீங்க இறங்குங்க.”

“நான் பொருளாளர். மிசியே வர்றாரு, கவனிக்க வேணாமா?”

“அவரையும் கூட்டிக்கிட்டு இறங்குங்க,” என்றான் மருதை. அண்ணனிடம் அவன் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பாக்கியம் அரிசி மூட்டையை இழுத்துத் திருவேங்கடத்தின் பூட்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழியில் இரண்டு பேர் என்ன மூட்டை என்று கேட்டார்கள்.

தீமிதி அன்று யாரோ ஒரு ஏழைக் குத்தகைக்காரனின் மகன் முதலில் இறங்கினான். கேப்டனுக்கும் டாக்டருக்கும் திருவேங்கடம் தன் கையாலேயே மாலை போட்டான். குண்டத்தின் அனல் முகத்தில் அடித்தபோது தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். அவன் இறங்கவில்லை; இறங்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அம்மனுக்கு அந்த வீட்டிலிருந்து இன்னும் இரண்டு தீமிதி பாக்கி.