பச்சை வட்டம்

என் கணவர் செல்வாவுக்கு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. மாலையில் வந்து குளித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை ஊன்றி வைத்து, கையில் கிடைத்ததைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வார். கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று தீர்ப்பு சொல்வார். பார்ப்பவர்கள் அவருடைய தொழிற்சாலை நண்பர்களும், வேறு வழியில்லாத எங்கள் சொந்தக்காரர்களும்தான்.

ரைஸ் குக்கருக்கு ஐந்து நட்சத்திரம். "ஒரே ஒரு சுவிட்ச். அமுக்குனா வேகும், வெந்தா தானா மேல வந்துரும். இதுக்கு மேல என்ன வேணும்?" ஏர் ஃப்ரையருக்கு இரண்டு. ரிமோட் வைத்த மின்விசிறிக்கு ஒன்றரை, ஏனென்றால் ரிமோட்டைத் தேடி முடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது. நகவெட்டிக்கு ஐந்து, அதைப் பற்றி அவர் பேசியதுதான் இன்றுவரை மிக நீளமான பதிவு. தானாகத் தரை கூட்டும் ரோபோவுக்கு முதலில் நான்கு கொடுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாமியறை வாசலில் நான் போட்ட கோலத்தை அது மொத்தமாக விழுங்கிவிட்டது. அப்போது நான் பேசியதைக் கேட்டபின் இரண்டரையாகக் குறைத்தார்.

அவர் மனதார வெறுத்தது ஒன்றே ஒன்றைத்தான். கேஸ் தோம்பில், அதாவது சிலிண்டரில், எவ்வளவு மிச்சம் என்று காட்ட மாட்டும் சின்ன மானி. முள் பச்சையில் நின்றுகொண்டிருந்தது, பாதி சாம்பாரில் அடுப்பு அணைந்துவிட்டது. முள் சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மனிதர் அன்று முழுக்கப் புகைந்துகொண்டிருந்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் வாசுகி. நேத்து இருந்தத இன்னிக்கி இருக்குன்னு காட்டுறது பொய்தான? பொய் சொல்ற சாமான் வீட்டுல இருக்கக்கூடாது." நட்சத்திரமே கிடையாது என்று பதிவு செய்துவிட்டு அதைக் குப்பையில் போட்டார். நியாயமான பேச்சுதான்.

என் அக்கா செல்வராணி கோத்தா திங்கியில் ஆற்றிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வீட்டில் இருக்கிறாள். அத்தான் போனபிறகு தனியாகத்தான். சேலைக்கு ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் இல்லை. கூடத்தில் ஒரு மின் தையல் இயந்திரம், பக்கத்தில் ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்று. போன வெள்ளத்தில் இரண்டும் மூழ்கின. எப்படியோ பழுதுபார்த்து மறுபடி ஓடவைத்தாள். அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ தண்ணி ஏறுச்சுன்னா இந்த வேலையும் வேணாம், வீடும் வேணாம். சிங்கப்பூருக்கே போயிர்றேன்." அங்கே அவள் மகள் லோஷினி ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், எத்தனையோ தடவை கூப்பிட்டும் இருக்கிறாள். அக்காவுக்குப் போக ஆசையில்லை. "அங்க போய் நான் என்ன செய்ய? சோபா மாதிரி ஒரு மூலையில கெடக்கவா?" என்பாள்.

இதைக் கேட்டதிலிருந்து செல்வாவுக்கு நிம்மதி இல்லை. அக்கா மேல் அவருக்குப் பிரியம் அதிகம்; எங்கள் கல்யாணத்துக்கு வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது அவர் பக்கம் நின்றவள் அவள்தான். ஒரு மாதம் உட்கார்ந்து அவரே ஒரு கருவி செய்தார். வீட்டுப் பின்னால் கால்வாயில் ஒரு குழாய், அதற்குள் மிதவை, பேட்டரியில் ஓடுவது. கூடத்தில் கைக்கு எட்டாத உயரத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இணைய மோடமும், குழாய் சொல்வதை வாங்கி அதன் வழியே எங்களுக்கு அனுப்ப ஒரு வெள்ளைப் பெட்டியும். கால்வாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறினால் எங்கள் மூவரின் கைப்பேசியும் அலறும். அலறுவது மணி அல்ல, செல்வாவின் சொந்தக் குரல். அக்கா கண்ணாடி போடாமல் எழுத்துப் படிக்கமாட்டாள் என்பதற்காக அப்படி. யாராவது திரையைத் தொட்டு நிறுத்தும்வரை அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். மற்ற நேரத்தில் திரையில் ஒரு பச்சை வட்டம் தெரியும்.

இயந்திரங்களைக் கழற்றி மேலே ஏற்ற, சுவரில் உயரமாக இரும்புத் தட்டும் அடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அங்கம்மா ஒரு கை பிடித்தால் போதும், ஒரு மணி நேர வேலை. குழாய்க்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். மூன்று கைப்பேசியும் அவர் குரலில் கத்தின. அக்கா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கருவிக்குத் தானே ஐந்து நட்சத்திரம் கொடுத்த முதல் ஆள் என் கணவராகத்தான் இருக்கும்.

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காரை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தை மாதக் கல்யாணங்களுக்குத் தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது, சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்றாள். வழியெல்லாம் இருட்டிக்கொண்டு வந்ததாம். கோழிப் பிரட்டலும் ரசமும் பரிமாறும்போது எங்கள் தாமான் குடியிருப்பிலும் மழை பிடித்தது. முதல் இடி இடித்ததும் செல்வா எச்சில் கையோடு எழுந்துபோய், இடது கையால் மோடத்தின் பிளக்கையும் டிவியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். மின்னலுக்கு ஒரு மோடமாவது காவு கொடுக்காத வீடு எங்கள் வரிசையில் இல்லை. அவர் எழுந்ததை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "மழை நிக்காது போல. நான் கெளம்புறேன் தம்பி. மெஷின மேல ஏத்தி வெச்சிட்டா மனசு லேசாயிரும்."

செல்வா கைப்பேசியை எடுத்துக் காட்டினார். பச்சை வட்டம். "எதுக்குக்கா பயம்? கால்வாயில தண்ணியே இல்ல. ஏறுனா நான்தான் கத்துவேன்ல. இந்த மழையில ஹைவேல போறதுதான் ஆபத்து."

அக்கா உட்கார்ந்தாள். பாயசம் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தாள், செல்வா மறுபடி வட்டத்தைக் காட்டினார். "உங்க தம்பி செஞ்சதுல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தபடி கேட்டார். அதற்குமேல் அவள் எழுந்திருக்கவில்லை. நானும் அவளை இருக்கத்தான் சொன்னேன்.

தேநீர் போடும் நேரத்தில் அங்கம்மா அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள். "செல்வராணி, எங்க இருக்க? ரோட்டுல தண்ணி ஓடுது லா. எங்கள ஸ்கூல்ல போய்த் தங்கச் சொல்லிட்டாங்க. உன் வீட்டுக் கேட்டு பூட்டிருக்கு, என்கிட்ட சாவியும் இல்ல."

செல்வா திரையைப் பார்த்தார். பச்சைதான். "அவங்க வேற ரோட்டச் சொல்றாங்க. நம்ம கால்வாயில இல்லையே," என்றார்.

எனக்கு அப்போதுதான் எங்கள் மோடம் கண்ணில் பட்டது. விளக்கு அணைந்து, பிளக் தரையில் கிடந்தது.

"அக்கா, நீ வரும்போது அங்க இடி இடிச்சுச்சா?"

"விடிஞ்சதுலேர்ந்து இடிதான்."

"பிளக்கெல்லாம்?"

"பிடுங்காம வருவாங்களா? மெயின் சுவிட்சையே அடைச்சிட்டுத்தான் வந்தேன்."

செல்வா வட்டத்தை விரலால் பெரிதாக்கினார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் கடைசியாகத் தகவல் வந்த நேரம் இருந்தது. காலைப் பசியாறும் நேரம். அதற்குப் பிறகு கால்வாய் என்ன சொன்னது என்று அந்தக் கைப்பேசிக்குத் தெரியாது. தெரியாது என்று அது சொல்லவும் இல்லை. எனக்குக் கேஸ் மானி ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்; என் முகத்தைப் பார்க்காமல் கார் சாவியை எடுத்தார்.

மூவருமாகப் போனோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் காவலர்கள் பாதையை அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பழுப்பு நிறத்தில் தண்ணீர், அதில் பாதி முழுகிய ஒரு பேருந்து நிறுத்தப் பலகை. அக்கா காரைவிட்டு இறங்கி, குடைகூடப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால், நிச்சயமாக மழைமேல் இல்லை. செல்வா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணமானதிலிருந்து எதைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயமும் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

தண்ணீர் வடிந்தபிறகு அந்த வாரக் கடைசியில் வீட்டைக் கழுவப் போனோம். சுவரில் ஜன்னலுக்கு மேல்வரை சேற்றுக்கோடு. ஓரம் அடிக்கும் இயந்திரம் மேசையோடு கவிழ்ந்து கிடந்தது. இரும்புத் தட்டு காலியாக, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அக்கா முதலில் ஊராருடைய ரவிக்கைத் துணிகளைத்தான் அலசினாள். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு சாயம் இறங்கிப் போயிருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தாள்.

செல்வா கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றினார். உள்ளேயிருந்து சேறு வழிந்தது. "காப்பாத்திரலாம்க்கா. காய வெச்சு, எண்ண போட்டா ஓடும். இந்தத் தடவ அந்தப் பெட்டிக்கும் பேட்டரி வெச்சுத் தர்றேன்," என்றார்.

அக்கா கோபப்படவில்லை. "பாப்போம் தம்பி," என்றாள். அந்த 'பாப்போம்' எனக்கு நல்லதாகப்பட்டது. இன்னும் மனம் மாறலாம் என்று நினைத்தேன்.

வயர்களைச் சோதித்த எலக்ட்ரீஷியன், இனி போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மெயின் சுவிட்சைப் போட்டேன். செல்வா நாற்காலிமேல் ஏறி வெள்ளைப் பெட்டிக்கும் மோடத்துக்கும் பிளக்கைச் செருகினார். அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் போகவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கால்வாயிலிருந்த குழாய் இத்தனை நாளும் தன் பேட்டரியில் விழித்தபடி, அனுப்ப வழியில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தது. இப்போது வழி கிடைத்தது.

மூன்று கைப்பேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. செல்வாவின் குரல், பதிவில் நட்சத்திரம் கொடுக்கும்போது வருமே, அந்த உற்சாகக் குரல்.

"அக்கா, தண்ணி ஏறுது. மெஷின மேல தூக்கி வெச்சிருங்க. பயப்படாதீங்க, இன்னும் நேரம் இருக்கு."

அக்கா முழுவதையும் கேட்டாள். ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு மகளுக்கு அழைத்தாள்.

"லோஷினி, எந்த சனிக்கிழமை வர்ற, என்னையக் கூட்டிட்டுப் போக?"

என்னுடையதை நான் நிறுத்திவிட்டேன். செல்வா நாற்காலிமேல் அப்படியே நின்றிருந்தார். அவருடைய சட்டைப் பையில் அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் லோஷினிக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏதோ கேட்டாள்.

"அதுவா? உன் சித்தப்பா," என்றாள் அக்கா. "இன்னும் நேரம் இருக்குன்னு சொல்றாரு."