இசையறை வாசலில் சிவப்பு றிபன்

அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. குறுக்கே ஒரு சிவப்பு றிபன்தான் கட்டியிருந்தது. பூட்டென்றால் உடைக்கவாவது தோன்றியிருக்கும். றிபனைக் கண்டதும் பெரிய டாக்டர்கூட ஒதுங்கிப் போனார். ஐந்து கிழமையாகத் தானும் அப்படித்தான் ஒதுங்கிப் போனதை நினைக்க, சுல்பிகாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்ளே, ஆசுபத்திரியின் புற்றுநோய் வாட்டுப் பிள்ளைகளுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக்கொடுத்த கீபோட் பொலித்தீன்கூடக் கழற்றாமல் கிடந்தது. பிள்ளைகள் நோவு மறக்க வாசிப்பதற்கென்று கல்முனையிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஜெனோசா மிஸ் வருவாள். சுல்பிகாவின் மகள் நப்லாவுக்கு ஏழு வயது. முள்ளந்தண்டில் ஊசி ஏறும்போது ஜெனோசா கொண்டுவரும் கீபோட்டில் நப்லா ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பாள். அவள் விரலை எடுக்கும்வரை ஜெனோசா அந்த ஓசையைச் சுற்றியே வாசிப்பாள். அப்படி மூன்று ஊசி அழாமல் ஏறியது. பிறகு ஜெனோசாவின் சொந்தக் கீபோட் பழுதாகிப்போனது. அடுத்த ஊசிக்கு நாலு பேர் பிள்ளையை அமுக்கிப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி பெற்ற தாய்.

திறப்பு விழா மூன்று தரம் தள்ளிப்போனது. பிரதம அதிதிக்கு ஒருநாள் கூட்டமாம், ஒருநாள் கலியாணமாம், ஒருநாள் காரணமே இல்லை. முதல் விழாவுக்குக் கட்டிய றிபனை அவிழ்க்கவும் ஆளில்லை. ஆறாம் கட்டில் முஸ்பிறா, "எப்ப உம்மா திறப்பாங்க" என்று கேட்டுக் கேட்டே மௌத்தானாள். அடக்கிப் பதினொரு நாளாகிறது. என்ன மனிசர் இவர்கள்?

இன்று பத்து மணிக்கு நப்லாவுக்கு அடுத்த ஊசி. ஜெனோசா வெறுங்கையோடு வந்திருந்தாள். விடிந்ததிலிருந்து, "உம்மா, என்னப் பிடிக்க வேணாம்" என்பதைத் தவிரப் பிள்ளை வேறொன்றும் கதைக்கவில்லை. சுல்பிகா கந்தோருக்குப் போனாள்.

"நளீம் நானா, அந்தக் கீபோட்ட அரை மணித்தியாலத்துக்குத் தாங்க."

எழுத்தர் நளீம் தலை நிமிரவில்லை. "திறக்காத சாமான், தங்கச்சி. பிரதம அதிதி வந்து றிபன் வெட்டோணும். இண்டைக்குக் கட்டாயம் வருவார்."

"எத்தின மணிக்கு?"

"அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். சுல்பிகா வாட்டுக்குத் திரும்பினாள். தாதி மிஸ்ஸியின் மருந்துத் தட்டில் பிளாஸ்டர் வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. கேட்காமல் எடுத்தாள். மிஸ்ஸி கண்டும் காணாதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவடியில் நிறுத்தினாள். "வெட்டு மகள்."

"ஏசுவாங்களா உம்மா?"

"ஏசட்டும், பாப்பம்."

முடி கொட்டிய தலையைச் சாய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வெட்டினாள் நப்லா.

ஊசி ஏறியது. அவள் விரல் கட்டையை விடவேயில்லை. ஒருவரும் அவளைப் பிடிக்கவுமில்லை. கடைசியில் வாசித்துக்கொண்டிருந்த ஜெனோசாதான் அழுதாள்.

இரண்டு மணிபோல நளீம் ஓடிவந்தார். பின்னால் மாலையோடு ஒருவர், கமராவோடு ஒருவர்.

"ஆரு றிபன வெட்டின? பிரதம அதிதி கேற்றடியில நிக்கார்."

சுல்பிகா வாட்டு வாசலை மறித்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பிரதம அதிதி பத்து மணிக்கே வந்து வெட்டிட்டா, நானா. இப்பதான் கண்ணயர்ந்திரிக்கா. சத்தம் போட்டு எழுப்பிராதிங்க."