தத்துக் கொடுத்த கை

சுரங்கத்துச் சக்கரம் சுழல்கிறது, அதன் ஒவ்வொரு வாளியும் ஓர் அறை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு மேலே போகிறது, உச்சியில் ஒருத்தி நிற்கிறாள், தலையில் அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட், ஹெல்மெட்டில் டார்ச் விளக்கு, முதுகில் அம்மாவின் நைலக்ஸ் புடவை படபடக்கிறது, வலது காலில் பூட்ஸ், இடது கால் வெறுங்கால், இதோ குதிக்கப் போகிறாள், குதிக்கவில்லை, ஜன்னல் கம்பியில் நெற்றி இடித்துப் பொற்கொடி கண் விழித்தபோது பேருந்து குறிஞ்சிப்பாடியைத் தாண்டியிருந்தது, மடியில் பை இருந்தது, பைக்குள் அக்காவுக்குப் பிடித்த அதிரசம் ஒரு டப்பா இருந்தது, இல்லாதது ஒன்றே ஒன்றுதான், வரைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வாய் நிறையச் சொல்லியிருந்த படம். செவ்வாய்க்கிழமை போனில் அக்கா செந்தாமரை கூவியது இன்னும் காதிலேயே இருக்கிறது, ஏய் பொற்கொடி, போர்டு வைக்கப் போறேன்டி, சுரங்கி ஸ்கூட்டர் பயிற்சின்னு பேரு, பெண்களுக்கு மட்டும், சின்ன வயசுல வரைஞ்சோமே, நம்ம சுரங்கி, அவளை வண்டி மேல உட்கார வச்சு ஜம்முனு ஒரு படம் போட்டுக் குடு, சனிக்கிழமை கொண்டாந்துடு, இவளும் சரிக்கா என்றாள், பெரிய மனுஷி மாதிரி, எத்தனை அடிக்கு வேணும் என்று வேறு கேட்டுக்கொண்டாள். பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்று மாமா சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போன அக்கா, போன வருஷம்தான் அந்த வீட்டை விட்டுப் பெட்டியோடு இறங்கி வந்தவள், நாற்பத்துமூன்று வயதில் முட்டி பெயர விழுந்து எழுந்து ஸ்கூட்டர் ஓட்டப் பழகியவள், இன்றைக்கு ஏழு பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், பிறந்ததிலிருந்து அவள் தனக்கென்று ஆரம்பிக்கிற முதல் காரியம் அது, அதற்குப் பேர் வைத்தது சுரங்கி. அந்தச் சுரங்கியைத்தான் இவள் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் விற்றிருந்தாள்.

விற்றது என்றால் படத்தை விற்றதல்ல, படம் விற்பது அவளுக்குப் புதிதா என்ன, பகலில் வடலூரில் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மஞ்சள் நீராட்டு விழாப் பெண்களை மயில் ஆசனத்தில் ஏற்றுகிறவள், வட்டச் செயலாளர்களுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டுகிறவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து டாப்லெட்டையும் பேனாவையும் எடுத்தால் ஆளே வேறு, கவசக் கூடம் என்று இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, சூப்பர்ஹீரோ என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற தமிழர்கள் இரண்டாயிரம் பேர், ஆளுக்கொரு வீரனையோ வீராங்கனையையோ கற்பனை செய்து கதை எழுதிக்கொண்டிருப்பார்கள், என் ஆளுக்கு ஒரு இரும்பு இறக்கை போட்டுக் குடுங்க, என் ஹீரோயின் கொஞ்சம் என் பெண்டாட்டி சாயலா இருக்கட்டும் என்பார்கள், அவள் வரைந்து கொடுப்பாள், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், பொற்கொடி மேலங்கி வரைந்தால் காற்று அடிக்கிறது தெரியும் என்று கூடத்தில் பேச்சு. அதெல்லாம் சாதாரண விற்பனை, தத்து என்பது வேறு, தான் உருவாக்கிய ஒரு ஹீரோவைப் பேர், உடை, சக்தி, சரித்திரம் சகிதம் ஒருவருக்கே விலைக்குக் கொடுத்துவிடுவது, வாங்கியவர் அவளை வைத்து என்ன கதையும் எழுதலாம், கல்யாணம் பண்ணி வைக்கலாம், கொன்றும் போடலாம், கொடுத்தவர் மட்டும் அதற்கப்புறம் அவளை ஒரு கோடுகூட வரையக்கூடாது, ஒரே ஆளை மூன்று பேருக்குத் தத்துக் கொடுத்த மகானுபாவர்கள் இருந்ததால் வந்த சட்டம், கொடுத்த கை தொடக்கூடாது என்று கூடத்தின் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் கொடுத்தாள், கஷ்டமா, கடனா, ஒரு மண்ணும் இல்லை, கூடத்தின் ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுரங்கியைத் திரையில் ஏற்றிய பத்தாவது நிமிஷம் நாற்பது பேர் எனக்கு எனக்கு என்று முட்டி மோதினார்கள், பொற்கொடி பொற்கொடி என்று திரை முழுக்க இவள் பேர் ஓடியது, பள்ளிக்கூடத்தில்கூட ஒரு தடவை மேடை ஏறாதவள், தலைகால் புரியவில்லை. படிவம் வந்தது, படைத்தவர் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, இன்னொருவர் உண்டென்றால் அதைத் தொட்டு அவர் பேரையும் சேர்க்கலாம், அந்தக் கூட்டல் குறியை அவள் பார்த்தாள், பார்க்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், நன்றாகவே பார்த்தாள், தன் பேரை எழுதிவிட்டு அனுப்பு என்பதை அழுத்தினாள். ஏன் ஒரு கால் மட்டும் வெறுங்கால் என்று யாரோ கேட்டார்கள், பூமிக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை அவள் அந்தக் காலால்தான் கேட்பாள் என்று எழுதினாள், அடேயப்பா, என்ன ஒரு சிந்தனை என்று கொண்டாடிவிட்டார்கள்.

அந்த வாக்கியம் நெய்வேலியில் பதினாறாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு சிமெண்டுத் தரையில் பிறந்தது, அக்காவுக்குப் பதின்மூன்று, இவளுக்கு எட்டு, அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு, வெளியே சங்கு ஊதுகிறது, இரண்டு பேரும் குப்புறப் படுத்து அப்பாவின் பழைய டைரியில் வரைகிறார்கள், வலது பாதி அக்காவுக்கு, இடது பாதி இவளுக்கு, அதுதான் ஒப்பந்தம், அக்காவின் பக்கத்தில் பூட்ஸ் பளபளவென்று வந்துவிட்டது, இவள் பக்கத்தில் வந்தது கத்தரிக்காய், அழித்து அழித்துத் தாள் கிழியப் பார்க்கிறது, இவள் உதடு பிதுங்குகிறது, அக்கா தாளைத் தன் பக்கம் இழுக்கிறாள், அடிப் பைத்தியமே, இதுக்கா அழுவுற, இவளுக்கு அந்தக் கால்ல செருப்பே கிடையாது, அந்தக் காலை ஊனினா பூமிக்குள்ள தண்ணி ஓடுறது கேக்கும், அப்பா வேலை செய்யுற இடத்துல தண்ணி வந்தா முன்னாடியே சொல்லிடுவா, அழுகை நின்றுவிட்டது. பேருந்து நிற்கிறது, ஒரு கட்டுக் கரும்போடு யாரோ ஏறுகிறார், மறுபடி சங்கு ஊதுகிறது, இல்லை, அது லாரி.

அந்த டைரி இவள் கைக்கு வந்தது எப்படி என்றால், கல்யாணம் முடிந்து அக்கா கிளம்புகிறாள், வாடகைக் காரின் கதவு திறந்திருக்கிறது, கூட்டத்தில் இவளைத் தேடிப் பிடித்து டைரியைக் கையில் திணிக்கிறாள், இனிமே சுரங்கி உன்னுதுடி என்கிறாள், அப்படித்தான் இத்தனை வருஷமாக இவள் நினைவில் அந்தக் கார் கிளம்பிக்கொண்டிருந்தது, ஆனால் இன்றைக்கு அந்தக் காரின் ஜன்னலில் தெரிகிற அக்காவின் இரண்டு கையிலும் தாம்பூலத் தட்டு இருக்கிறது, தட்டைப் பிடித்த கையால் டைரியை எப்படிக் கொடுப்பாள், சரி, வாசல்படியில் கொடுத்திருப்பாள், வாசல்படியில் அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், அங்கேயும் டைரி இல்லை, அப்படியென்றால் எங்கே, கட்டிலுக்கடியில் அக்காவின் டிரங்குப் பெட்டி, இன்னொரு நடை வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாளே அந்தப் பெட்டி, வீடு அடங்கின மறுநாள் மத்தியானம், பூட்டில்லாத கொண்டி, துணிகளுக்கடியில் டைரி. யாரும் கொடுக்கவில்லை, அவளாகத்தான் எடுத்தாள். கடலூர் வருகிற சமயத்தில் இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

இந்த மூன்று நாளில் அவள் செய்யாத தகிடுதத்தம் இல்லை. சுரங்கியை வாங்கிய பெண்ணுக்குக் கூடத்தில் கோடைமழை என்று பேர், தென்காசிப் பக்கம் மருந்தியல் படிக்கிறது, அதற்கு எழுதினாள், போர்டுக்கு ஒரே ஒரு தடவை வரைஞ்சுக்கட்டுமாம்மா என்று, தப்பா நினைக்காதீங்க மேடம், தத்துன்னா தத்துதானே, அவ இப்போ எங்க வீட்டுப் பொண்ணு, பரீட்சையில பெயிலான அன்னைக்குக்கூட அவ கதையை எழுதித்தான் எந்திரிச்சேன், உங்களுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க என்று பதில் வந்தது, நியாயமான பதில். அடுத்து கூடத்தின் தலைவர், கரூர் ரெங்கமணி, வார்த்தைக்கு வார்த்தை ங்க போடுகிற மனுஷர், தத்தை ரத்து பண்ண வழி இருக்குங்களா என்று கேட்டாள், ஒரே வழி இருக்குதுங்க, கூடப் படைச்சவங்க யாராவது இருந்து, அவங்களைக் கேக்காம கொடுத்திருந்தா செல்லாதுங்க, அப்புறம் அவங்க சொல்றதுதான் முடிவு, ஆனா பொய்யா எழுதிக் கொடுத்தவங்க ஒரு வருஷம் கூடத்துக்குள்ள வர முடியாதுங்க, பேரையும் வாசல்ல எழுதிப் போட்டுருவோம், அப்படி யாராவது இருக்காங்களா மேடம். இல்லைங்க, சும்மாதான் கேட்டேன் என்றாள் பொற்கொடி. முழுப் பூசணிக்காயை இரண்டாம் தடவையாகச் சோற்றில் மறைத்தாள், பேர் போய்விடுமே, மேலங்கியில் காற்று அடிக்கிற பேர், சம்பாதிக்கப் பதினோரு வருஷம் ஆன பேர்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் அக்கா ஒரு ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள், சுடிதாரின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், கால ஊனாதீங்க மேடம், பிரேக்கைப் பிடிங்க, என்னைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க, கம்பியை விட்டுவிட்டாள், வண்டி தனியாகப் போனது, போகிறவளுக்கு அது தெரியவில்லை, அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பியபோது பொற்கொடியைப் பார்த்தாள், எங்கடி படம் என்றாள். அவ்வளவுதான், மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த சாக்கெல்லாம் காற்றில் போனது, வித்துட்டேன்க்கா என்றாள், எல்லாவற்றையும் சொன்னாள், தத்து, படிவம், கட்டம், டிரங்குப் பெட்டி உட்பட. அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், கத்தவில்லை, என் பேரை எங்கயாச்சும் போட்டியா என்று மட்டும் கேட்டாள், இல்லைக்கா, சரி உட்காரு, வாகை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அடுத்த பெண்ணை வண்டியில் ஏற்றி முழுசாக இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தாள், வேர்வையைத் துடைத்தாள், கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி என்றாள். அடித்திருந்தால் தேவலை என்று பொற்கொடிக்கு இருந்தது, அதிரச டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் ஹெல்மெட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த மரத்தடியிலேயே போனை எடுத்து எழுதினாள், சுரங்கியைப் படைத்தது நானும் என் அக்கா செந்தாமரையும், வெறுங்கால் அக்காவின் யோசனை, அவளைக் கேட்காமல் கொடுத்தேன், தெரிந்தேதான் அவள் பேரை விட்டேன், நேற்று தலைவர் கேட்டபோதும் பொய் சொன்னேன். அனுப்பினாள். மேலங்கியில் காற்று அடித்த பேர் அரை மணி நேரத்தில் சந்தி சிரித்தது, நீங்களா மேடம், உங்களையா நம்பினோம், ரெங்கமணி ஒரே வரி எழுதினார், வருத்தமா இருக்குதுங்க, இனி சுரங்கியைப் பற்றி உங்க அக்கா சொல்றதுதாங்க முடிவு, அதைப் படித்து முடிப்பதற்குள் கூடத்தின் கதவு அவளுக்குச் சாத்திக்கொண்டது. அப்புறம் பொற்கொடியிடமே தனியாக அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கி அந்தக் கோடைமழைப் பெண் குரல் அனுப்பியது, அழுது கம்மிய குரல், அக்கா, அவளை எடுத்துட்டுப் போயிருவீங்களா அக்கா. அக்கா போனை வாயருகே வைத்துக்கொண்டாள், இல்லம்மா, அழாத, நீயே வச்சுக்க, பெயிலானப்ப கூட இருந்தவளை நான் எதுக்குப் புடுங்கப் போறேன், போர்டுல மட்டும் ஒரு படம் போட்டுக்கறேன், சரியா. பதில் உடனே வந்தது, நீங்க எத்தனை வேணும்னாலும் வரைங்க அக்கா, உங்க கை ஒண்ணும் குடுக்கலையே, ஆனா அவங்க வரையக் கூடாது, அவங்க கை அவ மேல படவே கூடாது. பக்கத்தில் இருந்த பொற்கொடிக்கு அது நன்றாகவே கேட்டது, அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை, வரவும் முடியாது.

ஆக, இருபத்துமூன்று வருஷமாக மளிகைச் சாமான் எழுதியதைத் தவிரக் காகிதத்தில் கோடு இழுக்காத அக்கா ஒரு சார்ட்டு அட்டையை ஸ்கூட்டர் சீட்டில் விரித்தாள், ஒரு பெண் பென்சில் வாங்கிவந்தாள், இன்னொருத்தி அட்டை பறக்காமல் பிடித்துக்கொண்டாள், ஏழு பேரும் சுற்றி நின்றார்கள், அக்கா நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு வரைகிறாள், பதின்மூன்று வயதில் கடித்த அதே நாக்கு, வண்டிச் சக்கரம் முட்டையாக வருகிறது, ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறுசு, பொற்கொடியின் விரல் தானாக நீண்டது, அக்கா பட்டென்று தட்டிவிட்டாள், கையை எடு, கையைக் கட்டிக்கிட்டு உட்காரு, அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டல்ல. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், அப்படி உட்கார்ந்து யாரோ வரைவதைச் சும்மா பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, எங்கே கோணுகிறது என்று முதலில் பார்த்தாள், அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். மூக்கு வந்துச்சாடி என்று அக்கா கேட்டாள், வந்துச்சுக்கா.

திங்கட்கிழமை கடையில் அட்டையை ஸ்கேன் செய்து எழுத்துகளை மட்டும் சேர்த்து அச்சுக்கு ஏற்றினாள், முதலாளி தேவராஜ் மிஷின் பக்கம் வந்து நின்று பிளெக்ஸ் உருண்டு வெளியே வருவதைப் பார்த்தார், பார்த்ததும் முகம் சுளித்தது, என்னம்மா இது, சக்கரம் முட்டையா இருக்கு, கண்ணு மாறுகண்ணு மாதிரி இருக்கு, நம்ம கடை பேரு என்னத்துக்கு ஆகும், நீ நினைச்சா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவியே. மையின் ஈரம் காயாத துணியைப் பொற்கொடி இரண்டு பக்கமும் நுனியில் மட்டும் பிடித்து எடுத்து விரித்தாள்.

தொடாதீங்க சார், அது எங்க அக்கா வரைஞ்சது என்றாள்.