கோத்திரமும் நட்சத்திரமும்

சாருலதாவுக்குத் தன் புத்திசாலித்தனத்தின் மேல் கொஞ்சம் அதிகப்படியான மதிப்பு உண்டு. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் வரன் பார்த்துக் கொடுக்கும் மையம் நடத்திவந்தாள். தி. நகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள், தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஆடி மாதத்தில் மையத்துக்கென்று ஒரு வெப்சைட்டைத் தானே செய்து போட்டுவிட்டாள். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லையே, அவளுக்கும் பொழுது போக வேண்டாமா?

வெப்சைட்டில் இரண்டு பகுதி. ஜாதகமும் போட்டோவும் இருக்கும் பகுதியை, பதிவு செய்துகொண்ட எல்லோரும் பார்க்கலாம். இன்னொன்று பூட்டுப் போட்ட பகுதி. வேலைச் சான்று, டாக்டர் கடிதம், வீட்டுக்குள் மட்டும் இருக்கவேண்டிய சங்கதிகள் எல்லாம் குடும்பத்துக்கு ஒரு ஃபைலாக அங்கே கிடக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே இறக்கிக்கொள்ளலாம். "பத்து கை மாறாது மாமி, இரும்புப் பெட்டி மாதிரி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது மந்திரம் போல ஆகிவிட்டது.

அந்தப் பேச்சை நம்பியவள் மதுவந்தி. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இருபத்தேழு வயசு. ஏழு வயசில் பொன்னுக்குவீங்கி வந்து அவளுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். பார்த்தால் யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு வரன் வந்தபோது டாக்டர் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினார்கள். அது எங்கெங்கோ சுற்றி, ஒரு கல்யாணப் பந்தியில் முகம் தெரியாத மாமி ஒருத்தி மதுவந்தியின் காதருகே வந்து கத்திப் பேசினாள். அன்றைக்கு எழுந்து வந்தவள் அப்புறம் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

"ஏண்டி சாரு, கல்யாணம் ஆனப்புறம் மெதுவா சொல்லிண்டா போறாதா?" என்று அவள் அம்மா விஜயலக்ஷ்மி கெஞ்சிப் பார்த்தாள்.

மதுவந்தி மசியவில்லை. "வர்றவர்கிட்ட நேர்ல நானே சொல்றேன் அக்கா. சொன்னப்புறம் பாஸ்வேர்டையும் நானே குடுக்கறேன். அதுவரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது" என்றாள்.

"நான் பொறுப்பு" என்றாள் சாருலதா.

முதலில் எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத பாஸ்வேர்டுகளைத்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் போன் மேல் போன். ஒருவர் சீட்டைத் தொலைத்தார். ஒருவர் வீட்டில் பேத்தி அதைக் கப்பல் செய்து வாளியில் விட்டிருந்தாள். சாருலதாவுக்குப் பொறுமை போய்விட்டது. நம் மனுஷர்கள் எதை மறந்தாலும் எதை மறக்கமாட்டார்கள் என்று யோசித்தாள். கோத்திரமும் நட்சத்திரமும்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களே. இரண்டையும் சேர்த்து எல்லோருக்கும் பாஸ்வேர்டாக மாற்றிவிட்டாள். அதன்பிறகு ஒரு போன் வரவில்லை.

"இது போறுமா அக்கா?" என்று மதுவந்தி மட்டும் கேட்டாள். சாருலதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

கார்த்திகையில் நியூ ஜெர்சியிலிருந்து சுஹாஸ் வந்தான். மூன்று வாரம் லீவு. அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, விமானம் ஏறியாக வேண்டும். மதுவந்தியின் ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருந்தது. மந்தைவெளியில் பெண் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். மறுநாளே சுஹாஸின் அம்மா போன் செய்து, "எங்க ஜோசியர் ஏதோ தோஷம்ங்கறார்" என்று முடித்துவிட்டாள். இதெல்லாம் சகஜம்தான் என்று சாருலதா அடுத்த ஜாதகத்தை எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து சுஹாஸே மாடி ஏறி வந்தான்.

"எங்க ஃபைலை எடுத்துடணும் மேடம். எனக்கு நேத்திக்கு நிச்சயம் ஆயிடுத்து. தி. நகர்ல."

"ரொம்ப சந்தோஷம். மதுவந்தி ஜாதகம்கூட நன்னாத்தானே பொருந்தித்து?" வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் சாருலதாவுக்கு இல்லை.

அவன் தயங்கினான். "ஜாதகம் இல்லை மேடம். அவ எங்கிட்ட மறைச்சுட்டா."

"எதை?"

"காது விஷயத்தை. அது எனக்கு முன்னாடியே தெரியும். காது எனக்கு ஒரு விஷயமே இல்லை, அம்மாகிட்டகூட நான் சொல்லலை. ஆனா கேட்டும் சொல்லலையே, அதுதான் மனசுக்கு ஒப்பலை."

"முன்னாடியே எப்படித் தெரியும்?" என்றாள் சாருலதா.

அவன் முகம் சிவந்தது. "தப்புதான். எங்க பாஸ்வேர்டு எங்க கோத்திரமும் நட்சத்திரமும். அவ ஜாதகத்துலயும் மேலேயே ரெண்டும் போட்டிருந்தது. சும்மா அடிச்சுப் பார்த்தேன். திறந்துடுத்து."

திறக்காமல் என்ன செய்யும்! எல்லோரும் பார்க்கும் அந்த ஜாதகத்தின் தலைப்பில் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் கொட்டை எழுத்தில் அடித்தவளே சாருலதாதான். பூட்டையும் போட்டு, சாவியையும் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறாள். நாலு மாதமாக ஒரு போன் வரவில்லை என்று பூரித்துப் போனாளே, அந்தப் பூரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நீங்க என்ன கேட்டேள்?" என்றாள்.

"சோபாவுல பக்கத்துல உட்கார வெச்சா. ஹால் முழுக்க மனுஷா, அம்மா வேற எதிர்ல. அதனால மெதுவாத்தான் கேட்டேன். 'எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை'ன்னு. என்னைப் பார்த்து சிரிச்சுண்டே இல்லைன்னு தலையை ஆட்டிட்டா."

"எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேள்?"

"ஜன்னல் பக்கம்" என்றவன், சோபாவை மனசுக்குள் பார்ப்பதுபோல் வலது கையை மெல்ல நீட்டினான். "அவ எனக்கு இந்தப் பக்கம்..." கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளுடைய இடது காதில்தான் கேட்டிருக்கிறோம் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. கீழே பாத்திரக் கடையில் யாரோ எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்க மோதிரம் மாத்தியாச்சு மேடம்" என்றான். எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி, "அவகிட்ட சொல்லிடுங்கோ" என்றான். உடனே, "வேண்டாம், சொல்லாதீங்கோ" என்றான். படி இறங்கிப் போய்விட்டான்.

அன்று மத்தியானமே சாருலதா எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினாள். மாற்றி என்ன பிரயோஜனம்? மதுவந்தியிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் தன்னோடேயே மல்லுக்கட்டினாள். சொன்னால் புண்ணைக் கிளறுவது. சொல்லாவிட்டால், காதைப் பற்றித் தெரியாமலே தோஷம் சொல்லித் தட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கும். அதில் சாருலதாவின் தப்பும் சௌகரியமாக மறைந்துவிடும். அந்தச் சௌகரியம்தான் அவளை உறுத்தியது.

மூன்றாம் நாள் அடையாறுக்குப் போய், பள்ளிக்கூட வளாகத்து சிமெண்டு பெஞ்சில் மதுவந்தியின் வலது பக்கமாக உட்கார்ந்தாள். பாஸ்வேர்டில் ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னாள். "என்னாலதான் மது. நான் பொறுப்புன்னு சொல்லிட்டு நானே கெடுத்துட்டேன்."

மதுவந்தி திட்டியிருந்தால் தேவலை. அவள் சுண்ணாம்புக்கட்டித் தூளை விரலிலிருந்து உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் கையில சொஜ்ஜித் தட்டு இருந்தது அக்கா. எனக்கு வேணுமான்னுதான் கேக்கறார்னு நினைச்சேன். அந்தப் பக்கம் உட்காரமாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அவரோட அம்மா கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டா. அப்புறம் மாடிக்குப் போய்ப் பேசச் சொல்வா, அங்க சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கிளம்பிட்டா." சாருலதாவின் பக்கம் திரும்பி, "அவர் என்ன கேட்டார்னு அப்படியே சொல்லுங்கோ" என்றாள்.

சாருலதா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"இப்படி ஒருத்தர் கேட்டுடமாட்டாரான்னு ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பதில் சொல்லிப் பார்த்துண்டிருந்தேன் அக்கா."

"என்ன பதில்?" என்று கேட்டாள் சாருலதா.

மதுவந்தி தன் இடது பக்கம், யாரும் இல்லாத பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

"'ஆமா, ஒண்ணு சொல்லணும். முதல்ல நீங்க இந்தப் பக்கம் வந்து உட்காருங்கோ.'"