முப்பத்தெட்டாம் இலக்கம், நோர்வே

குட்மேய்ஸ் என்ற ஆங்கிலேயப் புறநகரில் முப்பத்தெட்டாம் இலக்க வீட்டுக்கு மட்டும் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் மறுபடி உதிக்கிறது. கவுன்சில் வரியில் இதற்காக எதுவும் குறைக்கப்படவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் றொஜனும் மனைவி டொலறஸும். எதிர்வீடு டொலறஸின் தமையன் கஸ்பருடையது. காரணமும் அவர்தான்.

கஸ்பர், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஒரு தாவரக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்பவர். பனிப்பிரதேசத்துக்கு வெளியே பூக்காத ஒரு சிறு வெள்ளைப் பூச்செடி அவருடைய பொறுப்பு. அதன் குடும்பமும் இனமும் இலைக்கணக்கும் அவருக்கு ஜெபம்போல மனப்பாடம். அது சேகரிக்கப்பட்ட இடங்களைக் காட்டும் பரம்பல் வரைபடத்தின் வடக்கில் அப்பிக் கிடக்கும் சிவப்புப் புள்ளிகளில் ஒன்றாவது தன் பெயரில் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கோடையும் பயணத்துக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொரு கோடையும் வேறு யாரோ போனார்கள். அந்தச் செடியை உயிரோடு அவர் பார்த்ததே இல்லை.

றொஜன் நோர்வேயின் வடகோடியில் பதினொரு வருடம் மீன் வெட்டிவிட்டு இங்கே வந்தவர். ஒரு ஏப்ரலில் அவருடைய முற்றத்தில் அதே செடி பாய் விரித்தாற்போலப் பூத்தது. ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"மச்சான், உந்தப் புல்லுக்கு என்ன மருந்து அடிக்கலாம்? குப்பைத் தொட்டியை இழுக்க ஏலாமக் கிடக்கு."

கஸ்பருக்கு வந்தது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் இல்லை. மீன் வெட்டினவனுக்கு வாசலில் வந்து பூத்திருக்கிறது, அவன் மருந்து கேட்கிறான். கஸ்பர் அந்தப் பிடியைத் தாளில் ஒட்டினார். அடையாளச் சீட்டில் செடியின் பெயரைச் சரியாகவே எழுதினார். இடம் என்ற கட்டத்தில் குட்மேய்ஸ் என்று எழுதக் கை வரவில்லை. நோர்வே என்று எழுதினார். சேகரித்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போடத் துணிவில்லை, றொஜனின் பெயரைப் போட மனமில்லை. பெயர் தெரியாது என்று முடித்தார்.

களஞ்சியத்துச் சீட்டுகள் பிழையாவதில்லை. ஆகவே வீடுதான் நோர்வேக்குப் போனது. பார்வைக்கு அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் தெருவைக் கடக்க இரண்டு விமானமும் ஒரு படகும் பிடிக்கவேண்டும். றொஜனுக்குப் பழைய மீன் தொழிற்சாலையில் பழைய ஷிப்டே கிடைத்துவிட்டது.

டொலறஸ் தொலைபேசியில் கேட்டார். "அண்ணை, நீங்கள் ஏதும் பிழையா எழுதினனீங்களோ? ஒருக்காத் திருத்தி விடுங்கோவன். உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

"ஓம், பாப்பம்" என்றார் கஸ்பர்.

ஐந்து நிமிட வேலை. ஆனால் இடத்தைத் திருத்தினால், விதிப்படி சேகரித்தவரின் பெயரையும் நிரப்பவேண்டும். பேனாவை எடுப்பார், றொஜனின் முதல் எழுத்துக்கு முன்பே கீழே வைப்பார். ஆறு வருடமாகிறது. காலையில் யன்னலைத் திறந்தால் எதிரே தங்கை வாசல் பனியை வழித்துக்கொண்டிருப்பார். இருவரும் கையசைத்துக்கொள்வார்கள். அப்போது இவருக்கு எட்டு மணி, தங்கைக்கு ஒன்பது.