ஜெபத்துக்கு ஒழித்த வீடு

ரோசம்மாளுக்கு ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் நடுவில் நிறுத்தத் தெரியாது. யோசிப்பதெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டை ஒழிக்க ஆரம்பித்ததும் அப்படித்தான்.

சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்பது வழக்கம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரு சுற்று முடிந்துவிட்டது, ரோசம்மாள் வீடு மட்டும்தான் பாக்கி. ஒரு தடவை ஷிஃப்ட் என்றாள், ஒரு தடவை காய்ச்சல் என்றாள். உண்மை என்னவென்றால், பத்துப் பேர் வந்தால் அவள் வீட்டில் உட்கார முடியாது. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நிற்கலாம், அவ்வளவுதான்.

வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்த சாமான் எல்லாம் அவள் புருஷன் ஜெயராஜ் சேர்த்தது. இரும்புக் கம்பெனியில் வெல்டராக இருந்த காலத்தில், அங்கே கழித்துப் போட்ட எதையும் விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வராது. வாசலை ஒட்டி ஒரு நீல டிரம். அதை அடுத்து டிவி வந்த அட்டைப்பெட்டி, அதன் வயிறு நிறையப் பழைய துணி. அப்புறம் மிதி உடைந்த தையல் மிஷின். அங்கிருந்து பின்வாசல் வரைக்கும் மிஷின் பார்சலில் வந்த மரச்சட்டங்கள், இடுப்பு உயரத்துக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் உடம்பு முடியவில்லை என்று வேலையை விட்டு வந்தவர், அதோடு திருந்துவார் என்று பார்த்தால் இன்னும் மோசமாகிவிட்டார். ஒரு துரும்பை அசைக்க விடமாட்டார். பெருக்கும்போது டிரம்மை ஒரு சாண் தள்ளினால் போதும், "டிரம்ம யாரு நவுத்துனது?" என்று சத்தம் போடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குப்பைக்குக் காவல் இருக்கிற மனுஷனை இந்த ஊரில்தான் பார்க்க முடியும் என்று ரோசம்மாள் பேக்கிங் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற கிறிஸ்டினா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "இந்த வாரம் ரோசக்கா ஊட்ல." இனி தப்ப முடியாது.

"அடுத்த மாசம் வச்சிக்கலாம்னு சொல்லிடு" என்றார் ஜெயராஜ். "நீயும் நானும் உக்காந்து, எது வோணும், எது வாணாம்னு பாத்து, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். ஒரேடியா எடுத்துடாத ரோசா."

"ரெண்டு வருசமா இதத்தானய்யா சொல்லிகினு கீற" என்றாள் அவள். நியாயமான பேச்சுதான் அது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததால் அவளுக்குச் சாக்காகவே கேட்டது.

சனிக்கிழமை காலையில் மணவாள நகரில் ஒரு நிச்சயதார்த்தம். ஜெயராஜின் தங்கை புருஷன் சாலமோன் பைக்கில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனான். பைக் தெருமுனை திரும்பியதும் ரோசம்மாள் பழைய இரும்புக்காரனுக்குப் போன் போட்டாள்.

எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று அவள் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. வண்டி வந்தது, டிரம் போனது, மிஷின் போனது, மரம் மொத்தமும் போனது. பழந்துணிப் பெட்டியைக் குப்பை வண்டியில் ஏற்றினாள். கட்டிலையும் இழுத்து எதிர்ச்சுவர் ஓரம் போட்டாள். தரையைக் கழுவிவிட்டு நடுவில் நின்று பார்த்தபோது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை என்று இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. மனுஷன் வந்து கத்துவார், கத்தட்டும், ஜனங்கள் முன்னால் எவ்வளவு கத்திவிட முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பாய் நிறையப் பெண்கள். "ஊடா இது, மண்டபம் மாதிரி கீது" என்றாள் கிறிஸ்டினா. இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது. சாலமோன் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, ஜெயராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு எப்போதும் போல உள்ளே வந்தார். இடது கை பக்கவாட்டில் கீழே போனது. கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்து மறுபடி துழாவினார். அடுத்த எட்டு கிறிஸ்டினாவின் விரல்மேல். அவள் அலறிக் கையை இழுக்க, அவர் நிலை தடுமாறிப் பெண்கள் நடுவில் குப்புற விழுந்தார்.

பாட்டு நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "அண்ணன் போட்டுகீறாரு போல" என்று முணுமுணுத்தார்கள். ரோசம்மாளுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்த அன்றைக்கா?

"குடிச்சிட்டா வந்துகீற?" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

ஜெயராஜ் வாழ்நாளில் குடித்தவர் இல்லை. தரையில் கையை ஊன்றி உட்கார்ந்தபடி, அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முகம் கொஞ்சம் தள்ளித் திரும்பியது. அவள் நின்ற இடத்தை விட்டு, பக்கத்திலிருந்த காலிச் சுவரைப் பார்த்தார்.

ஓடிவந்து அவரைத் தூக்கின சாலமோன்தான் சொன்னான். "அக்கா, அவருக்குக் கண்ணு தெரியாதுக்கா."

கூட்டம் எப்படி முடிந்தது என்று ரோசம்மாளுக்கு நினைவில்லை. ஒவ்வொருத்தராகச் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். கட்டிலில் உட்காரவைத்த மனுஷனின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துயா?"

"வேலய உட்டதே அதுக்குத்தான். கண்ல அழுத்தமாம். நரம்பு காஞ்சி போச்சி, திரும்ப வராதுன்னுட்டாரு திருவள்ளூர் டாக்டரு. சாலமோன்தான் கூட்டிகினு போனான். போன வருசம் நிழலாட்டம் தெரிஞ்சிது. இப்ப அதுவும் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலய உட்டுட்டு என் கையப் புடிச்சிகினு உக்காந்துடுவ. எனக்கு அது வாணாம். டிரம்ம தொட்டா நாலு எட்டுல மிஷினு. மிஷினத் தொட்டா கட்ட. கட்டயோட போனா பாத்ரூம். யாரும் வாணாம் எனக்கு, ஊட்டுக்குள்ள ராஜா மாதிரி இருந்தேன்."

இந்த இரண்டு வருஷத்தில் அவரைத் திட்டியதெல்லாம் அவளுக்கு ஒன்றொன்றாக வந்தது. வேதம் வாசிக்கச் சொன்னால் "நீயே படி" என்பார், கொழுப்பு என்றாள். டீயைச் சிந்தினார், கவனம் எங்கே என்றாள். தெருவுக்கே போகாமல் கிடந்தார், சோம்பேறி என்றாள். ஒரே கட்டிலில் படுத்திருந்தும் தெரியவில்லையே, நான் எல்லாம் ஒரு பொண்டாட்டியா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். காலையிலேயே போய் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வந்துவிடுகிறேன் என்றாள்.

"வாணாம்" என்றார். "எல்லாருக்குந்தான் தெரிஞ்சிபோச்சே."

மறுநாள் அவள் கண் விழித்தபோது, ஜெயராஜ் கட்டில் விளிம்பில் இரண்டு காலையும் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எழுந்துட்டியா ரோசா? எவ்ளோ நேரம் உக்காந்துகினு கீறேன்னு தெரியல. பாத்ரூம் போவணும்."

அவள் கையை நீட்டினாள். அது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. தானே அவர் கையைத் தேடிப் பிடித்து எழுப்பினாள். இரண்டு எட்டு போவதற்குள் போன் அடித்தது. சூப்பர்வைசர். இன்றைக்கு ஓவர்டைம் வர முடியுமா என்றார்.

"இல்ல சார். இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமே வேலைக்கே வர மாட்டேன் சார். ஊட்ல அவருக்கு முடியல, கூட ஆள் இருக்கணும்."

ஜெயராஜ் அவள் பிடியிலிருந்து மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டார். தனியாக நாலு எட்டு வைத்தார். நடு வீட்டில் வந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துழாவினார். தொடுவதற்கு அங்கே ஒரு சாமானும் இல்லை.